ரொட்டிக் கல்லின் கறுப்பு

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மனைவி லீவில் வருகிறாள் என்று தெரிந்த அன்று நான் முதலில் தேடியது அவளுடைய ரொட்டிக் கல்லை. கல் என்று சொல்கிறோமே தவிர அது வார்ப்பிரும்பு. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வளையும். கொழுந்து பறிக்கப் பேர் பதிந்த புதிதில், தீபாவளிக்குத் தோட்டத்தில் கொடுத்த முன்பணத்தை எடுத்துக்கொண்டு அட்டனுக்குப் போய் அவளே தட்டிப் பார்த்து வாங்கியது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தியது. அதைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்து வரிசை வீடான இந்த லயத்துக்கு வந்து இறங்கினாள். மாப்பிள்ளை கையைப் பிடிக்காமல் கல்லைப் பிடித்துக்கொண்டு வந்த பொண்ணு என்று சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கல் விறகுக்குப் பின்னால் கிடந்தது. அவள் போனபிறகு நான் ரொட்டி சுடவில்லை. காலையில் பேக்கரிப் பாண், இரவில் சோறு, பகலில் தேயிலை ஃபாக்டரியில் கிடைக்கிற தேத்தண்ணீர். மகன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான், தீபாவளிக்கு வருவான். ஒரு ஆளுக்கு யார் மாவு பிசைவது? அடுப்படித் தகரம் ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே கல்லை எப்போது தள்ளி வைத்தேனோ தெரியாது. வெளியே எடுத்தபோது ஒரு பக்கம் செம்மண் அப்பியது போல் இருந்தது. விரலால் தொட்டால் விரல் சிவந்தது.

லீவு இரண்டு மாதம் என்று போனில் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு திரும்பிப் போவாளா, இங்கேயே இருந்துவிடுவாளா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகக்கூடாது என்பதுதான் என் ஆசை. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வராது. இத்தனை வருடம் ஃபாக்டரியில் இருக்கிறேன், அங்கே எல்லாவற்றுக்கும் மேலான டீமேக்கர் ஐயா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் காது சூடாகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டதால்தான் எனக்குப் பேச்சு வரவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அந்த அஞ்சு வகுப்பிலும் நான் பேசவில்லை என்பது வாத்தியாருக்குத்தான் தெரியும்.

ஆகவே இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அவள் வந்த மறுநாள் காலையில் கல் தயாராக இருக்க வேண்டும். மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து அவள் தட்டிப் போட வேண்டும். விடியலில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் எங்கள் காம்பராவில் முன்பு எழும்பிய அந்த வாசனை எழும்ப வேண்டும். அது எழும்பிவிட்டால் அவள் போகமாட்டாள். இதை யாரிடமாவது சொல்லியிருந்தால் என் தலையில் தட்டிச் சிரித்திருப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

முதலில் பொச்சும் சாம்பலும்தான். தேங்காய்ப் பொச்சைப் பிய்த்து உருட்டி, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, லயத்துக்குக் கீழே இருக்கிற பீலியில் உட்கார்ந்து தேய்த்தேன். பீலித் தண்ணீர் மலையிலிருந்து நேரே வருவது, கை மரத்துப்போகும். துணி துவைக்க வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் நிமிரவில்லை.

"என்னாண்ணே, மதினி வர்றாங்கன்னு கல்லுக்கு மொழுக்காட்டா?" என்றாள் ஒருத்தி.

"கல்ல விடுங்கண்ணே, ஒங்க முதுகத் தேயுங்க. மதினி மொதல்ல அதத்தான் பாப்பாங்க," என்றாள் இன்னொருத்தி.

"வேணும்னா அந்தப் பொச்ச இங்க குடுங்க, நாங்க தேச்சிவிடுறோம்!"

பீலி முழுக்கச் சிரிப்பு. நான் பாதிக் கல்லோடு எழுந்து வந்துவிட்டேன். மீதியை வீட்டுக்குப் பின்னால் வாளித் தண்ணீரில் தேய்த்தேன். துரு போனது போல்தான் இருந்தது. துடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் மறுபடியும் சிவப்பு. எங்கள் பக்கத்தில் மூடுபனி காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். வெளியே விட்ட மண்வெட்டி, ஆணி, பூட்டு, எதையும் விடாது. ஈரத்தோடு இருக்கிற இரும்பை விட்டுவிடுமா?

பிறகு செங்கல்லை இடித்துத் தூளாக்கிப் பார்த்தேன். அது துருவை எடுத்தது, கூடவே கல்லில் வட்ட வட்டமாகக் கீறியது. அவள் ரொட்டி சுரண்டுவதற்கு ஒரு தகடு வைத்திருந்தாள், உடைந்துபோன கவ்வாத்துக் கத்தியின் நுனி. தேயிலை வெட்டுகிற கத்தி என்றால் எங்கள் வீட்டில் கடைசி வரைக்கும் எதற்காவது பயன்படும். அதை வைத்துச் சுரண்டியதில் கட்டியாக நின்ற துரு பொரிந்து விழுந்தது. ஆனால் வார்ப்பில் ஊசி முனை மாதிரிக் குழிகள் இருக்கின்றன. கத்தி மேலே வழுக்கிக்கொண்டு போகிறது, குழிக்குள் இறங்கவில்லை. குழிக்குள் இறங்குவதற்குக் கம்பி மாதிரி ஏதாவது வேண்டும் என்று தெரிந்தது.

சம்பள நாளில் தலவாக்கலைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கடை இருக்கிறது. முதலாளி சிங்கள ஆள், தமிழ் நன்றாகப் பேசுவார். உள்ளே போய், தொங்குகிற பிரஷ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை நிறத்தில் உரசுகிற துண்டு, சுருள் சுருளான கம்பி நார், மெல்லிய பித்தளைக் கம்பி பிரஷ், தடித்த இரும்புக் கம்பி பிரஷ், சேண்ட் பேப்பரில் பல தினுசு. எதை எடுப்பது என்று தெரியவில்லை. கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள்.

"மொகத மாத்தயா, என்ன வேணும்?" என்றார் முதலாளி.

"துரு தேய்க்க."

"எது தேய்க்க?"

ரொட்டிக் கல் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆம்பிளை ஒருவன் ரொட்டிக் கல் தேய்க்கப் பிரஷ் வாங்குகிறான் என்றால் அந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். "வாசல் கேட்டு," என்று சொல்லிவிட்டேன்.

"பெரிய கேட்டா, சின்ன கேட்டா?"

"பெரிசு."

லயத்துக் காம்பராவுக்கு ஏது கேட்டு? கதவுக்கே ஒழுங்கான தாழ்ப்பாள் இல்லை. முதலாளி உள்ளதிலேயே தடித்த பிரஷ்ஷை எடுத்து மேசையில் போட்டார். அதோடு மணலை அள்ளி ஒட்டிய மாதிரிக் கரடுமுரடான சேண்ட் பேப்பர். "இது போட்டா மாத்தயா, பழைய பெயிண்ட் எல்லாம் போகும். இரும்பு மட்டும்தான் மிச்சம்," என்றார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். பித்தளை பிரஷ்ஷைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அது மெதுவானது, துருவைத் தின்னும், கறுப்பைத் தின்னாது. கேட்டுக்கு அதை யாரும் கொடுக்கமாட்டார்கள்.

என்னோடு ஃபாக்டரியில் ரோலர் கழுவுகிற ஒரு கூட்டாளி இருக்கிறான். அடுத்த லயம், என்னை மச்சான், என் மனைவியைத் தங்கச்சி என்பான், ஊர் முழுக்க அவனுக்கு மச்சான்தான். ஞாயிற்றுக்கிழமை நான் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னா மச்சான், இப்பிடித் தடவிக்கிட்டு இருக்க? கல்லுக்குக் கூச்சம் காட்டுறியா?"

"குழியில இருக்குது."

"நம்ம தொழிலு என்னா? நாம தேய்க்காத கறையா? சோடாவப் போட்டுக் கொதிக்க வய்யி. பெக்டரி மாதிரிச் செய்வோம்."

அவன் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. சரியாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. கொழுந்தை ரோலரில் போட்டு அரைக்கும்போது சாறு வரும். அந்தச் சாறு இரும்பிலும் பித்தளையிலும் பிடித்துக் கறுப்பாகக் காயும். அதை விட்டுவிட்டால் அடுத்த நாள் தேயிலையில் புளித்த வாடை ஏறும். ஆகவே ஒவ்வொரு நாளும் சோடாத் தண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டு, சுரண்டி, உலோகம் வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். டீமேக்கர் ஐயா ஒரு வெள்ளைத் துணியை எடுத்து ரோலருக்குள் கை விட்டுத் துடைப்பார். துணியில் கறுப்பு வந்தால் எங்களுக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக என் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். இரும்பில் கறுப்பு இருந்தால் அது அழுக்கு.

இரண்டு பேருமாகச் சோடாவைக் கொதிக்கவைத்து ஊற்றினோம். கேட்டுக்கு வாங்கிய பிரஷ்ஷை அவன் ஒரு பக்கம், சேண்ட் பேப்பரை நான் ஒரு பக்கம். துரு போனது. அதற்குக் கீழே தார் மாதிரி ஒரு கறுப்பு இருந்தது. அதுதான் கெட்டியாகப் பிடித்திருந்தது. விடுவோமா? மத்தியானம் வரைக்கும் தேய்த்ததில் கல் ஈயம் மாதிரி வெளுத்தது. கூட்டாளி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து டீமேக்கர் ஐயா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு துடைத்துக் காட்டினான்.

"பாத்தியா, கறையில்ல! நம்ம பெக்டரிச் சாமி ரோதைமுனிக்குப் பூச போடுற அன்னைக்கிக்கூட ரோலரு இப்பிடி மின்னாது. தங்கச்சி பாத்தா அசந்துரும்."

மறுபடி துருப் பிடிக்காமல் இருக்க அதை உரச் சாக்குத் தாளில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அவள் வருகிற வரைக்கும் தினமும் எடுத்துப் பார்த்தேன்.

கொழும்பில் மகனைப் பார்த்துவிட்டு அவள் ஒரு மாலையில் வேனில் வந்து இறங்கினாள். அதே வேனில் பூண்டுலோயாப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள். என் மனைவிக்குக் கன்னம் வைத்திருந்தது. நிறமும் கொஞ்சம் வெளுத்திருந்தது. தடித்த ஸ்வெட்டரும் கழுத்தைச் சுற்றித் துணியும். மழை இல்லாத நாள்தான், ஆனாலும் பல் கிடுகிடுத்தது.

"எப்பிடித்தான் இந்தக் குளுருல இருக்கீங்களோ," என்றாள். அதுதான் முதலில் சொன்னது. பிறகு என்னைப் பார்த்து, "எளச்சிப் போயிட்டீங்க," என்றாள்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது அடுப்படியில் மிலாறு வைத்து நெருப்பு மூட்டினேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கிற குச்சிதான் எங்களுக்கு விறகு, நன்றாக எரியும். கல்லை அடுப்புக்குப் பக்கத்தில், சுற்றியிருந்த தாளைப் பிரித்து, அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். அவள் போர்வையோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். தட்டிப் பார்த்தாள்.

"இது என்னாது?"

"கல்லு."

"யாரு கல்லு?"

"ஒன் கல்லு."

"ஏங்க, இத யாரு இப்பிடிப் பண்ணுனது?"

நான் அடுப்புக்குள் மிலாறைத் தள்ளினேன். அவள் விரலால் தடவினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம். எனக்கும் சிரிப்பு வந்தது. கணக்குச் சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

"கல்லுக்குத் தோல உரிச்சிட்டீங்களே, பாவி மனுசா! அந்தக் கறுப்பு அழுக்கா? அது எண்ணெ. வருசக்கணக்கா நான் ஊட்டுன எண்ணெ."

அப்படியும் மாவைப் பிசைந்தாள். தட்டிப் போட்டாள். ரொட்டி கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. கத்தித் தகட்டை விட்டுத் தூக்கினால் பாதி கல்லிலும் பாதி தகட்டிலும் வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிய்த்து வாயில் போட்டோம். இரும்பு வாடை, நாக்கில் ஆணி வைத்த மாதிரி. எழும்ப வேண்டிய வாசனை எழும்பவில்லை, புகைதான் எழும்பியது.

அந்தப் புகைக்குள்தான் கூட்டாளி வாசலில் வந்து நின்றான்.

"தங்கச்சி! வெள்ளத் துணி எடுத்துத் தொடச்சிப் பாத்தியா? கறையே வராது!"

"வாங்கண்ணே, ஒங்க வேலதானா? ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஒரு ரோலரு செஞ்சி வச்சிருக்கீங்க. கொழுந்து இருந்தா கொண்டாங்க, அரச்சித் தாறேன்."

"நான் ஒதவிக்கிப் போனேன் தங்கச்சி, ஐடியா மச்சானோடது."

"அவரு ஐடியான்னா ஒங்க வாயி எதுக்குண்ணே இப்பிடிக் கோணுது?"

கூட்டாளி தேத்தண்ணீர் குடிக்காமலேயே போய்விட்டான். அன்றைக்குப் பாண்தான் சாப்பிட்டோம்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டுப் பிரஷ்ஷையும் சேண்ட் பேப்பரையும் அடுப்பில் போட முடியாததால் கூரைக்கு மேலே எறிந்துவிட்டாளாம். தண்ணீரில் ஊறப்போட்டு மெதுவாக்கிய பழைய பொச்சு ஒரு துண்டு, ஒரு கை கல்லுப்பு, கிழிந்த பருத்திச் சீலை, வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் குச்சியில் குத்தியது, தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். உப்பைப் போட்டுப் பொச்சால் சுற்றினாள், அழுத்தவில்லை. துடைத்துவிட்டு நெருப்பில் வைத்து, கடைசிப் பொட்டு ஈரமும் போகிற வரைக்கும் காயவிட்டாள். வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு இழுத்தாள். சீலையால் அந்த எண்ணெயையும் துடைத்துவிட்டாள்.

"ஊத்துன எண்ணெய ஏன் தொடைக்கிற?" என்று கேட்டேன்.

"நெறய விட்டா பிசின் மாதிரி நிக்கும். தொடச்சது போக மிச்சம் இருக்குது பாருங்க, அதுதான் ஏறும்."

தினமும் செய்தாள். ஆறியதும் மறுபடி எண்ணெய், மறுபடி நெருப்பு. முதலில் கல் பழுப்பானது, தேத்தண்ணீர்க் கறை மாதிரி. பிறகு நடுவில் மட்டும் கறுப்பு பிடித்தது. ஓரம் பிடிக்கவில்லை. அவள் ஓரத்தை நெருப்புக்கு நேரே திருப்பித் திருப்பி வைத்தாள். ரொட்டி போட்டுப் பார்ப்பாள், ஒட்டும், "இன்னம் பதம் வரல" என்பாள். ஒட்டியதை நாங்கள் பிய்த்துச் சம்பலோடு தின்போம். முன்பு தின்ற ரொட்டி இல்லை. ஆனாலும் அவள் தட்டியது.

"எத்தன நாளு ஆகும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவசரப்பட்டா ஆகுமா? இருந்துதான் பாக்கணும்."

இருந்துதான் பார்க்கணும் என்று அவள் சொன்னாள். அதைச் சுமந்துகொண்டுதான் நான் ஃபாக்டரிக்குப் போனேன், அதைச் சுமந்துகொண்டுதான் திரும்பி வந்தேன். ஒரு கல்லுக்கு இவ்வளவு பொறுமையாக எண்ணெய் ஊட்டுகிறவள் எழுந்து போய்விடுவாளா? அடுப்படித் தகரத்தில் ஓட்டை அடைக்கத் தார் வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன், அடைத்தோம். விறகை ஈரம் படாத பக்கமாக மாற்றி அடுக்கினாள். முன்வாசல் இஸ்தோப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பக்கத்துக் காம்பராக்காரி, "மதினி இனி எங்கயும் போகாது போல," என்று என் காது படச் சொன்னாள். அன்றைக்கு ரோலர் கழுவும்போது கூட்டாளி, "என்னா மச்சான், தன்னால சிரிக்கிற?" என்று கேட்டான்.

லீவு முடிகிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததையும் நான் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு காலை, எனக்கு மத்தியானத்துக்கு மேல் பின்னேர வேலை, அவள் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. இன்னைக்கி நீங்க போடுங்க."

"நானா?"

"கைய எண்ணெயில தொட்டுக்கங்க. அப்பிடியில்ல, வெரல விரிக்காதீங்க. தட்டுங்க. ஆ, போடுங்க."

போட்டேன். கோணல்மாணலாக விழுந்தது. கல் இப்போது ஓரம் வரைக்கும் கறுப்பு, பூனை முதுகு மாதிரி. கொஞ்ச நேரத்தில் ரொட்டியின் ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டது. தகட்டை விட்டேன். வழுக்கிக்கொண்டு வந்தது. திருப்பினேன். அடியில் சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டு, எரிந்த தேங்காய்ப்பூ வாசனை. நான் இத்தனை நாள் காத்திருந்த வாசனை அதுதான், அடுப்படி நிறைய.

அவள் கைதட்டினாள். "ஒட்டல! பாத்தீங்களா, ஒட்டல! அப்பாடா. இனி எனக்குக் கவலயில்ல."

"என்னா கவல?"

"ஒங்க வயித்தப் பத்தித்தான். போன்ல ஒங்க மூஞ்சியப் பாத்து எத்தன நாளு அழுதிருக்கேன். எந்நேரமும் பாணு, பாணு. இனி நீங்களே சுட்டுத் திங்கலாம். எனக்கு வெள்ளிக்கிழம பிளேனு."

அவளுக்கு அதைச் சொல்வதில் கஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள். லீவு என்றால் முடியும், முடிந்தால் போவார்கள். இதில் சொல்ல என்ன இருக்கிறது?

ரொட்டி கருகியது. அவள்தான் எடுத்தாள்.

நான் அப்போது கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, ஆனால் கேட்டுவிட்டேன். "போகாட்டி என்னா?"

அவள் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. யோசித்தாள்.

"இருந்தா மறுபடி மலைக்கித்தான் ஏறணும். முட்டி ரெண்டும் தாங்காதுங்க. அங்க ஒரு வயசாளி அம்மா இருக்காங்க, நாந்தான் சோறு ஊட்டணும். வேற யாரு ஊட்டுனாலும் வாயத் தெறக்காது. நான் வந்ததுல இருந்து பாதி ஒடம்பாப் போச்சாம், வீட்டுக்காரங்க போனு போட்டு அழுவுறாங்க."

அவள் மாவை உருட்டத் தொடங்கினாள்.

"இன்னொண்ணு சொல்லவா? சிரிக்கக்கூடாது. வந்த நாள்ல இருந்து எனக்குக் குளுருதுங்க. போத்திக்கிட்டாலும் குளுருது. நெருப்புக்கிட்ட ஒக்காந்தா கொஞ்சம் சரியாகுது, அதான் கல்லு வச்சிக்கிட்டே ஒக்காந்திருந்தேன். இந்த மலையிலதான் பொறந்தேன்னு சொன்னா என் ஒடம்பே நம்ப மாட்டேங்குது."

நான் சிரிக்கவில்லை. முட்டி வலி என்றால் மருந்து சொல்லலாம். கூரை ஒழுகினால் தார் பூசலாம். பிறந்த ஊர் குளிருகிறது என்கிறவளுக்கு என்ன எடுத்துக் கொடுப்பது? அவள் அடுத்த உருண்டையை என் கையில் வைத்தாள். "இத ஒழுங்காத் தட்டுங்க," என்றாள். தட்டினேன். அன்றைக்கு நாங்கள் நிறைய ரொட்டி சுட்டோம், பக்கத்துக் காம்பராவுக்கும் கொடுத்தோம். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலம் வேன் வந்தது. பனி இறங்கியிருந்ததால் டிரைவர் விளக்கை அணைக்கவில்லை. பூண்டுலோயாப் பெண்கள் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கும் அதே பிளேன். இவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளினாள்.

"சோப்பு காட்டாதீங்க."

"சரி."

"சூடா இருக்கப்ப பச்சத் தண்ணி ஊத்தாதீங்க, வெடிச்சிரும். தேச்சிட்டு அப்பிடியே வைக்காதீங்க, நெருப்புல காட்டி எண்ணெ தடவி வைங்க."

"சரி."

"அந்தண்ணனக் கிட்டச் சேக்காதீங்க."

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். "என்னாக்கா, புருசன்கிட்ட சொல்ல வேற ஒண்ணுமில்லயா? கல்லுக்கே புத்திமதி சொல்லிக்கிட்டு இருக்கீங்க," என்றாள் ஒருத்தி. என் மனைவியும் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்கிற மாதிரி. டிரைவர் ஹார்ன் அடித்தார். நான், "ஸ்வெட்டரப் போட்டுக்க," என்றேன். அவள் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தாள்.

இப்போது நான் தினமும் ரொட்டி சுடுகிறேன். சுட்டு முடிந்ததும் ஊறிய பொச்சும் உப்பும், பிறகு நெருப்பு, பிறகு எண்ணெய், பிறகு துடைப்பது. கல் நன்றாக இருக்கிறது. அவள் கான்ட்ராக்டை இன்னொரு முறை நீட்டியிருக்கிறாள். அடுத்த லீவு எப்போது என்று வீட்டுக்கார அம்மாதான் சொல்ல வேண்டுமாம்.

போனில் முதலில் கேட்பது ஒன்றுதான். "சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"என்னா சாப்டீங்க?"

பாண் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று சில நாள் தோன்றும். பாண் என்றால் அவளுக்கு மனசு கேட்காது. அழுவாள், கொஞ்ச நேரம் கூடப் பேசுவாள், ஒருவேளை லீவைப் பற்றி அவளாகவே எடுப்பாள். வாய் வரைக்கும் வரும். பக்கத்தில் அந்த வயசாளி அம்மா கூப்பிடுகிற சத்தமும் கேட்கும்.

"ரொட்டி," என்கிறேன்.

"ஒட்டலயே?"

"ஒட்டல."

"அப்ப சரிங்க," என்று வைத்துவிடுகிறாள்.